மாடிப்படி இல்லாத வீடுகள்

குழந்தை வளர்ச்சிப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு முதல் மாதம் நான் கொடுப்பது ஒரே வேலைதான். ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். எல்லோரும் எழுதிவிடுவார்கள். 'கோபமாக இருந்தான்', 'அம்மாவைத் தேடினாள்', 'விளையாட்டில் ஆர்வம் இல்லை'. மூன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, கோபத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்பேன். புருவம் சுருங்கியதா? தட்டைத் தள்ளினானா? எந்தக் கையால்? தள்ளுவதற்கு முன்னால் யார் முகத்தைப் பார்த்தான்? பதில் சொல்ல முடியாமல் நிற்கிற பெண், மறுநாள் அதே குழந்தையைத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் படிப்பு தொடங்குகிறது.

நான் கோவையில் மனையியல் படித்து, முதுகலையில் மனித மேம்பாட்டை எடுத்தவள். "பிள்ளையைப் பார்த்துக்கிறதுக்கு எம்.எஸ்சி. எதுக்குங்க?" என்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அப்பாவைக் கேட்டார்கள். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. நம் ஊரில் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர்களுக்கு அடுப்பு இருக்கிறது, காடு இருக்கிறது, பிடிக்க வேண்டிய பஸ் இருக்கிறது. எதையும் செய்யாமல், எதையும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு குழந்தை என்ன செய்கிறது என்று மட்டும் உட்கார்ந்து பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு சமூகம் முடிவெடுப்பது பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் அந்த முடிவு சமையலறை வழியாகத்தான் வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் முதல்வராகவும் பின்னாளில் துணைவேந்தராகவும் இருந்த ராஜம்மாள் பா. தேவதாஸ் ஊட்டச்சத்து அறிஞர். குழந்தை என்ன சாப்பிடுகிறது என்ற கேள்வியோடு, குழந்தை என்ன செய்கிறது என்ற கேள்வியும் இந்த மாதிரிக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. அதற்கும் முன்னால், 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945இல் போர்டி கிராமத்தில் மையம் தொடங்கி, பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடித் தாங்களே முற்றத்துக்கும் மேய்ச்சல் வெளிக்கும் போனார்கள். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கையும் சேர்ந்துதான் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்க வழிசெய்தது. இன்றைய அங்கன்வாடி அதன் பிள்ளை. என் வகுப்பில் இந்த வரலாற்றில் மோடக், வாக் இருவருக்கும்தான் அதிக நேரம் கொடுப்பேன். குழந்தையைத் தேடிப் போக வேண்டும் என்பதை அவர்கள் அளவுக்குக் காட்டியவர்கள் வேறு யாரும் இல்லை.

என் ஆய்வுக் களம் காரவள்ளி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிப் போனால் கொல்லிமலை அடிவாரம். வனத்துறைச் சோதனைச் சாவடி, சில டீக்கடைகள், ஓட்டு வீடுகள், தொகுப்பு வீடுகள். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். பெரியாஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் சாமான் வாங்கவும் நாமக்கல் போகிறவர்கள் காரவள்ளியில்தான் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், பலாப்பழத்தையும் மிளகு மூட்டையையும் இறக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள். அவர்களோடு குழந்தைகளும் காத்திருக்கின்றன. மலைப்பிள்ளையும் சமவெளிப்பிள்ளையும் ஒரே புளியமரத்தடியில் ஒரே மண்ணை அளைகிற இடம். குழந்தையைப் பார்க்க வந்தவளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கையில் இருந்தது திருவனந்தபுரம் அட்டை. அங்கே உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1991இல் வெளியிட்டது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. அதன் இடது முனை 100இல் 3 குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது, வலது முனை 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட பட்டைகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாறு நிமிட வேலை. அங்கன்வாடிப் பணியாளர்களும் செய்யலாம் என்றுதான் இதை இவ்வளவு எளிமையாக வடிவமைத்தார்கள். இந்த நாட்டுக்கு அது பெரிய கொடை.

17இல் சிலவற்றை இங்கே சொல்கிறேன். மேசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது. பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. பொம்மையின் கண், மூக்கைத் தொட்டுக் காட்டுவது. காரவள்ளியிலும் மேலே உள்ள சிற்றூர்களிலும் நான் நுழைந்த பெரும்பாலான வீடுகளில் மேசை இல்லை, மாடி இல்லை, பொம்மை இல்லை. உரலைப் பிடித்து எழுந்து நின்ற குழந்தையைப் பார்த்தேன். கட்டியிருந்த வெள்ளாட்டின் கழுத்தைப் பிடித்து எழுந்த குழந்தையையும் பார்த்தேன். ஆடு நகர்ந்தது, குழந்தையும் கூடவே இரண்டு எட்டு வைத்தது. உரல் விஷயத்தில் சிக்கல் இல்லை. அசையாத பொருள், இடுப்பு உயரம், மேசைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். ஆடு அப்படி இல்லை. அதைத் தனியாக எழுதி வைத்தேன்.

மாடிப்படிதான் என்னை நிறுத்தியது. ஒன்றரை வயது தாண்டிய ஒரு பையன், ஓடைக்கு இறங்கும் வழியில் பாறையில் வெட்டியிருந்த படிகளில் பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நான் டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஒன்றில் முழங்காலை ஊன்றினான், அடுத்ததில் வலது காலைத் தூக்கி வைத்து, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் ஏற்றி, இடது காலை இழுத்துக்கொண்டான். எனக்குப் பல்கலைக்கழகம் பயன்பட்டது இந்த இடத்தில்தான். மாடிப்படி என்ற கேள்வி மாடியைப் பற்றியதே இல்லை. ஒற்றைக்காலில் எடையைத் தாங்கி, உடம்பை மேலே தூக்கி, சமநிலை குலையாமல் மறு காலைக் கொண்டுவர முடிகிறதா என்று அது கேட்கிறது. உடல் இயக்கம் தலையிலிருந்து கீழ்நோக்கியும் நடு உடம்பிலிருந்து கைகால் நுனி நோக்கியும் எப்படிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தவளுக்குத்தான் அந்தப் பாறையில் அந்தக் கேள்வி கண்ணில் படும்.

அதற்காகப் பாறைப்படியை மாடிப்படியாக எண்ணி 'செய்தான்' என்று டிக் போட்டுவிடவும் கூடாது. 3, 97 என்ற கணக்கு மாடிப்படிக்குரியது. அந்த அட்டையின் செயல்கள், பெய்லி குழந்தை வளர்ச்சி அளவுகோலைப் பரோடாவில் பிரமிளா பாதக் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு தரப்படுத்தியதிலிருந்து எடுக்கப்பட்டவை. பாறைக்கு யாரும் அப்படிக் கணக்கு எடுக்கவில்லை. ஆகவே என் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் 'சோதிக்கவில்லை' என்று எழுதினேன். எதிரே படியின் உயரம், பிடித்த கை, ஊன்றிய கால். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

பொம்மையில் இன்னும் நுட்பமான வித்தியாசம் இருக்கிறது. நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து ஒரு பெண் குழந்தை தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அண்ணன் மூக்கு எங்க கண்ணு?" என்று தாய் கேட்டதும் அண்ணனின் மூக்கை அழுத்திப் பிடித்தாள். ஊரில் எல்லோரும் அதை வெற்றி என்று சொல்வார்கள். மூக்கு என்ற சொல் தெரிகிறது, சரி. ஆனால் உயிரில்லாத ஒரு துண்டு பிளாஸ்டிக், மனிதருக்குப் பதிலாக நிற்கிறது என்று புரிந்துகொள்வது வேறொரு தாண்டல். பியாஜே எழுதிய குறியீட்டுச் சிந்தனை அங்கேதான் ஆரம்பம். இரண்டு நாள் கழித்து அதே பெண், சோளத் தட்டைக்குத் துணி சுற்றித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். தாண்டிவிட்டாள், அதுவும் என் பொம்மை இல்லாமலே.

சில கேள்விகள் நம் வீட்டுக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தன. இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது அட்டையில் ஒரு செயல். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களில் ஒன்று சப்பாணி, அதுவும் கை கொட்டுவதுதான். ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை தூக்கி ஆடும் ஐந்தாம் மாதத்துக் குழந்தைக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர் வைத்தவர்கள், குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மாணவிகளுக்குக் களத்தில் பாட்டிமார்களோடு பேச இந்தப் பருவப் பெயர்கள் உதவுகின்றன என்பதால் சொல்கிறேன்.

விளையாட்டைப் படிக்க எங்களுக்குக் கொடுத்த கருவி மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு நர்சரிப் பள்ளியில் குழந்தைகளைக் குறித்த நேரம் வீதம் பார்த்து, சும்மா இருத்தல், தனி ஆட்டம், வேடிக்கை பார்த்தல், பக்கத்தில் இருந்து தனித்தனியாக ஆடுதல், சேர்ந்து ஆடுதல், கூட்டாகத் திட்டமிட்டு ஆடுதல் என்று ஆறாகப் பிரித்தார். காரவள்ளி புளியமரத்தடியில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். இடுப்பில் தம்பி. சில்லைத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் எறிந்தான். அது கோட்டின்மேல் விழுந்தது. எதிரணிப் பெண்கள் "அவுட்டு" என்றார்கள். "பாப்பா எறிஞ்சதுக்கு ரெண்டு வாட்டி" என்று இவள் வாதாடினாள். ஒப்புக்கொண்டார்கள். அவன் மறுபடி எறிந்தான், இவள் அவனையும் சுமந்துகொண்டு நொண்டியடித்தாள்.

அந்தப் பையனுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? வேடிக்கை பார்த்தான் என்றால் பொய், சில்லு எறிந்தது அவன். கூட்டாட்டம் என்றால் அதுவும் இல்லை, விதி அவனுக்குத் தெரியாது. பார்ட்டனின் பிள்ளைகள் எல்லோரும் நர்சரி வயதினர், அவரவர் காலில் நின்றவர்கள். இங்கே ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் இடுப்பிலிருந்தபடி விளையாட்டுக்குள் நுழைகிறது, அதற்காக விதியே வளைந்து கொடுக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி உலகம் எழுதாமல் இல்லை. விட்டிங் தம்பதியர் முன்னின்று நடத்திய ஆறு பண்பாடுகள் ஆய்வில் வட இந்தியாவின் காலாப்பூர் ஓர் ஊர், கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஓக்கினாவா, அமெரிக்கா மற்றவை. வைஸ்னர், காலிமோர் இருவரும் 1977இல் இதைப் பற்றியே விரிவான கட்டுரை எழுதினார்கள். ஆனால் அவை கூடுதல் வாசிப்பில் கிடக்கின்றன, பார்ட்டன் பாடத்திட்டத்தில் இருக்கிறார். நான் பாடம் எடுக்கும்போது இரண்டையும் ஒரே வாரத்தில் வைக்கிறேன். அந்தப் பாண்டிக் காட்சியைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, வகைப்படுத்துங்கள் என்பேன். ஒரு மணி நேரம் சண்டை நடக்கும்.

பஸ்ஸிலும் பாடம் இருந்தது. வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் இருக்கும். மேலிருந்து இறங்கும்போது 70இல் தொடங்கி 1 வரை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, இன்னும் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண், குமட்டலைத் தடுக்க எலுமிச்சையை முகர்ந்துகொண்டே எண்களைச் சொல்லி வந்தாள். ஐம்பத்து மூணு, ஐம்பத்து ரெண்டு, ஐம்பத்தொண்ணு. பினேயின் 1908 நுண்ணறிவு அளவுகோலில் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எட்டு வயதுக்கான கேள்வி. மெய்சிலிர்க்கலாம். ஆனால் கீழே இறங்கிய பிறகு பலகை இல்லாமல் நாற்பதிலிருந்து சொல்லச் சொன்னேன். நாற்பதுக்குப் பிறகு நின்றுவிட்டாள். நான் முப்பத்தொன்பது என்று எடுத்துக்கொடுத்ததும் முப்பத்தொன்று வரைக்கும் தடையின்றி இறங்கினாள், முப்பதில் மறுபடி நின்றாள். பத்துக்குள் இறங்கத் தெரியும், பத்தைத் தாண்டி இறங்க இன்னும் வரவில்லை. இது தெரிந்தால் அவளுடைய டீச்சருக்கு அடுத்த வாரம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியும். 'மலைப்பிள்ளைக்குக் கணக்கு வராது' என்பவரும், 'மலைப்பிள்ளைக்கு இயற்கையே எல்லாம் கற்றுக்கொடுத்துவிடும்' என்பவரும் இந்த நாற்பதைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது ரகத்தினர் நல்லவர்கள், அன்பானவர்கள். அவர்களிடம்தான் எனக்கு அதிக வாக்குவாதம்.

ஏனென்றால் அந்த அன்பு ஒரு குழந்தையின் இரண்டு ஆண்டுகளை விழுங்கிவிடக்கூடியது. டீக்கடை பெஞ்சில் பாட்டியின் மடியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஒன்றரை வயதுக்கு மேல். நல்ல கண்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் கை காட்டினால் அவனும் காட்டினான். மலையிலிருந்து இறங்கும் பஸ் கடைசி வளைவில் ஹார்ன் அடிக்கும், பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே மரத்தடியில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பும். இவன் தலை திரும்பவில்லை. பாட்டி எழுந்தாள், அதன் பிறகு திரும்பினான். அடுத்தடுத்து வந்த பஸ்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, அந்த முகம் போன திசையில் அவனும் பார்த்தான். அவ்வளவு கூர்மையாக முகங்களைப் படித்ததால்தான் காது கேட்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"பேசறானுங்களா அம்மாயி?"

"அவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதானுங்க பேசினான், டீச்சர். எங்க பசங்க அப்படித்தான்."

அட்டையில் மணிச் சத்தத்துக்குத் தலை திருப்புவது ஆரம்ப மாதங்களுக்குரிய செயல். பின்னாலிருந்து மணியை அடித்தேன். திரும்பவில்லை. செய்யவில்லை என்று எழுதுவதோடு என் வேலை முடிகிறது. செவித்திறன் குறைவு என்று நான் சொல்லக்கூடாது, அது மருத்துவர் சொல்ல வேண்டியது. நான் சொன்னது இவ்வளவுதான்: "காதை ஒருக்கா காட்டிரலாமுங்க. ஒண்ணும் இல்லைன்னா சந்தோசம்." பாட்டிக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அங்கன்வாடி டீச்சரோடு வீட்டுக்குப் போய்ப் பேசினோம். தாய் ஒன்றும் சொல்லாமல் பையனுக்குப் பின்னால் போய் ஒரு தட்டைக் கீழே போட்டாள். நாங்கள் எல்லோரும் அதிர்ந்தோம், அவன் தன் கால்விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அதன்பிறகு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் இடையீட்டு மையம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தூங்கவைத்து மூளைத்தண்டின் அலைகளைப் பார்க்கும் பெரா பரிசோதனை. இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி இலவசமாகவே பொருத்தப்பட்டது. இந்த மாநிலம் செய்கிற மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஏற்ற நெறி. இவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஆனாலும் மூன்றரையைவிட இரண்டு மேல்.

கருவி பொருத்தினால் பேச்சு வந்துவிடாது. பல மாதங்கள் பேச்சுப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் தாய் கூலியை விட்டுவிட்டு விடிகாலையில் மலை இறங்கி, காரவள்ளியில் நின்று, நாமக்கல் போய், அரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு மாலையில் திரும்புவாள். மிளகு பறிப்புக் காலத்தில் வரவில்லை. மழையில் மண் சரிந்து பாதை அடைத்த வாரங்களில் வர முடியவில்லை. இப்போது அவன் பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறான், சில சொற்கள் சொல்கிறான், பாட்டியை 'மா' என்கிறான். வயதுக்கு ஏற்ற பேச்சு இன்னும் வெகுதூரம்.

என் மாணவிகள் படிப்பை முடித்ததும் கோவையிலும் சென்னையிலும் மழலையர் பள்ளிகளுக்குப் போகிறார்கள், சிலர் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, சம்பளம் அங்கேதான் இருக்கிறது. நான் கேட்பது காரவள்ளியில் ஓர் அறை. தாயும் பிள்ளையும் பஸ் மாறும் இடத்திலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது, படித்த ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சி தருவதற்குப் பேச்சுப் பயிற்சியாளர், அந்தப் பயிற்சியை மறுநாள் வீட்டில் எப்படித் தொடர்வது என்று பாட்டிக்கும் அக்காவுக்கும் காட்டுவதற்கு எங்கள் துறைப் பெண். அக்காவை விட்டுவிட்டு எந்தப் பயிற்சியும் அந்த மலையில் நிற்காது, இடுப்பில் சுமப்பது அவள்தான். முதுகலையின் கடைசிப் பருவத்தில் களப்பணிக்கு ஒதுக்கும் வாரங்களை இந்த அறைக்கே கொடுத்துவிடலாம், பல்கலைக்கழகத்துக்குச் செலவு பஸ் கட்டணம் மட்டும்தான். மதிப்பெண்ணுக்கு அறிக்கை வேண்டும் என்றால், அந்த மரத்தடியில் அவள் எழுதும் பதிவேட்டையே திருத்திக் கொடுக்க நான் தயார். இதை எழுத்தில் துறைக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பாடத்திட்டக் குழுவில் மறுபடியும் கொடுப்பேன்.